அப்பாவின் பகா எண்

என் அண்ணனுக்கு மனிதர்களைவிட எண்களோடுதான் பழக்கம் அதிகம். தெருவில் போகிற லாரியின் நம்பரைப் பார்த்துவிட்டு, "பாவம், குறை எண்" என்று உச்சுக்கொட்டுவான். இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே மூச்சு வாங்க நடந்து வரும் அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான். அண்ணியும் லேசுப்பட்டவள் இல்லை. "நான் லாரியாப் பொறந்திருந்தா எனக்கும் ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பார்" என்று என்னிடம் சொல்வாள், அவன் காதில் விழும்படியாகவே. அவன் காதில் விழாது. அடுத்த லாரி வந்திருக்கும்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஃப்ரேமுக்குத் தக்கபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து உள்ளே உட்காரவைப்பது என் வேலை. கூடுதலாகத் தேய்த்துவிட்டால் லென்ஸ் ஆடும், குறைவாகத் தேய்த்தால் உள்ளே போகாது, அழுத்தினால் உடையும். இந்த வேலை பார்க்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் இருக்கிற பொறுமை முழுவதும் லென்ஸுக்கே செலவாகிவிடுகிறது. வீட்டாருக்கு மிச்சம் இருப்பதில்லை.

ஒருநாள் மத்தியானம் அண்ணன் கடைக்குள் வந்து என் மேஜைக்கு எதிரே நின்றான். சட்டையில் சாக்பீஸ் தூள். முகம் வெளுத்திருந்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கிடைச்சிடுச்சு வாலு" என்றான். வீட்டில் கடைசியாகப் பிறந்து எந்நேரமும் வம்பு பண்ணிக்கொண்டிருந்ததால் எனக்கு அந்தப் பெயர். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அவன் விடவில்லை.

"எது? தொலைச்ச வீட்டுச் சாவியா?"

"ஒற்றைப்படை நிறை எண்."

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்த விஷயம் இது. ஆறு என்கிற எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை மீதியில்லாமல் வகுக்கும். அந்த மூன்றையும் கூட்டினால் மறுபடி ஆறே வரும். அப்படி வந்தால் அது நிறை எண். எட்டை வகுப்பவை ஒன்று, இரண்டு, நான்கு. கூட்டினால் ஏழுதான் தேறும், அதனால் எட்டு குறை எண். பன்னிரண்டுக்கு அதேபோல் கூட்டினால் பதினாறு வந்துவிடும், அது மிகை எண். ஆறுக்குப் பிறகு இருபத்தெட்டு, அதற்குப் பிறகு நானூற்றுத் தொண்ணூற்றாறு என்று நிறை எண்கள் அபூர்வமாகத்தான் தலைகாட்டும். இதுவரை அகப்பட்டவை எல்லாமே இரட்டைப்படை. ஒற்றைப்படையில் ஒன்றே ஒன்றாவது உண்டா என்பது யாருக்கும் தெரியாது. உண்டு என்று காட்டியவரும் இல்லை, இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை. அந்த ஒன்றைத்தான் அண்ணன் கல்லூரிக் காலத்திலிருந்து தேடிக்கொண்டிருந்தான்.

"மிஷின்ல தேடிப் பாத்துட்டாங்கன்னு நீதானே சொன்ன? ஆயிரத்து ஐந்நூறு இலக்கம் வரைக்கும் ஒண்ணுகூட இல்லைன்னு?"

"சொன்னது யாரு? மிஷினு. அதுக்கென்ன தெரியும், ஓட்டுறவன் சொன்னதைச் செய்யும். இது பன்னிரண்டே இலக்கம்" என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னான், ஒரே மூச்சில். "பத்தொன்பதாயிரத்து எண்ணூத்தி அம்பத்தெட்டு கோடியே அம்பத்தஞ்சு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நூத்தி எண்பத்தொன்பது."

கண்ணாடி வாங்க வந்திருந்த ஒருவர், ஏதோ விலை சொல்கிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

லென்ஸ் துடைக்கிற காகிதத்தை இழுத்து அண்ணன் எழுதத் தொடங்கினான். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, ஒவ்வொன்றும் இரண்டு தடவை பெருக்கலில் வருகிறது. அப்புறம் கடைசியாக ஒரு பெரிய பகா எண் வேண்டும். அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண். அது கிடைத்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிடும்.

"எந்த எண்ணு வந்து நின்னுது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு எழுதினான். 22021.

என் கை நின்றுவிட்டது. அது எங்கள் அப்பாவின் எண்.

அப்பா ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். சட்டைப்பையில் பித்தளை வில்லை ஒன்று குத்தியிருக்கும், அதில் இந்த எண். ஆலைக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. மேஸ்திரி எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார், எண்ணைச் சொல்லித்தான் திட்டுவார். அண்ணனுக்குப் பத்து வயது இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் பகா எண் நடத்தினார்கள். அவன் வீட்டுக்கு வந்து அப்பாவின் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் சாக்பீஸால் வகுத்துக்கொண்டே இருந்தான். பிறகு அறிவித்தான், "அப்பா, நீங்க பகா எண்ணு. உங்களை எதாலயும் வகுக்க முடியாது."

அப்பா அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ஷிஃப்டுக்குப் போன கையோடு ஆலை முழுக்கச் சொல்லிவிட்டார். கூட வேலை செய்தவர்கள் அவரை 'பகா' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஷிஃப்ட் மாற்றிப் போட்டால், "எங்கிட்ட உங்க பிரிக்கிற வேலையெல்லாம் நடக்காது, எம்பையன் கணக்குப் போட்டே பாத்துட்டான்" என்று மேஸ்திரியிடம் சொல்வாராம். ஆலையில் எத்தனையோ ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒரு எண்ணாக இருப்பதில் பெருமைப்பட்டவர் எங்கள் அப்பா ஒருவர்தான் என்று நினைக்கிறேன். சாகும்வரை அந்தப் பெருமை அவருக்கு இருந்தது.

அதனால் அந்தக் காகிதத்தில் அப்பாவின் எண்ணைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சரிபார்க்கத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் அதைச் சரிபார்ப்பது, அப்பா நிஜமாகவே நம் அப்பாதானா என்று விசாரிக்கிற மாதிரி.

"யார்கிட்டயாவது காமிச்சியா?"

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

கையிலிருந்த லென்ஸை மேஜையில் வைத்தேன்.

முதலாளி என்றால் அண்ணன் பாடம் நடத்தும் டியூஷன் சென்டரின் முதலாளி. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் வருகிற கஷ்டத்துக்கு யாரிடமும் போய் முறையிட முடியாது. போன வருஷம் அவர் அண்ணனைக் கேமரா முன்னால் நிற்கவைத்துப் பாடம் முழுவதையும் வீடியோ எடுத்தார். உடம்பு சரியில்லாமல் வராத பிள்ளைகளுக்காக என்று அண்ணன் நம்பினான். ஆசை ஆசையாக நடத்தினான். இந்த வருஷம் அந்த வீடியோக்களைத் திரையில் ஓடவிட ஆரம்பித்தார்கள். இயற்பியல் வாத்தியாரை அனுப்பினார்கள், அப்புறம் வேதியியல் வாத்தியாரை அனுப்பினார்கள். அண்ணன் மட்டும் சாயங்கால வகுப்பு ஒன்றோடு தொங்கிக்கொண்டிருந்தான். ஐம்பத்து மூன்று வயது. சட்டை பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறவன். வேறு எங்கே போய் நிற்பான்? அவனுக்குக் கரும்பலகையைத் தவிர வேறு எதன் முன்னாலும் நிற்கத் தெரியாது.

எண்ணைப் பற்றிக் கேட்டதும் முதலாளி அவன் தோளில் கைபோட்டிருக்கிறார். "சார், இது மட்டும் நிஜம்னா நீங்க இருக்கிற வரைக்கும் இந்த சென்டர்ல ஒரு கரும்பலகை இருக்கும். நான் வாக்குக் கொடுக்கிறேன்" என்றிருக்கிறார். அதைச் சொல்லும்போது அண்ணனின் குரல் உடைந்தது. நான் லென்ஸைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரமே விழா ஏற்பாடாகிவிட்டது. சென்டரின் மாடி ஹாலில் நாற்காலி போட்டார்கள். வாசலில் பெரிய பதாகை, அதில் அண்ணனின் படம், கீழே பன்னிரண்டு இலக்கமும். எண் இவ்வளவு என்று தெரிவித்தார்களே தவிர, அது எதையெல்லாம் பெருக்கினால் வரும் என்பதை மேடையில்தான் சொல்வேன் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தான். பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியை சிறப்பு விருந்தினர். ஹால் நிறையப் பிள்ளைகள். பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அது கடித்தது. "கால் போனாலும் பரவாயில்லை, இன்னிக்கு நொண்டக் கூடாது" என்று என் காதில் சொன்னாள். முப்பது வருஷத்தில் புருஷனைப் பற்றி அவள் கிண்டல் இல்லாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "வாலு, நெசமாவே இவர் பெரிய ஆளோ? நாந்தான் கவனிக்காம விட்டுட்டேனோ?"

அண்ணன் மேடையில் ஏறினான். சட்டை பட்டன் சரியாகப் போட்டிருந்தான், அண்ணியின் கைவேலை. பலகையில் மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று எழுதி, கடைசியில் அப்பாவின் எண்ணை எழுதினான். எண்ணின் எல்லா வகுத்திகளையும் அந்த எண்ணையும் சேர்த்துக் கூட்டினால் சரியாக இரண்டு மடங்கு வரவேண்டும், அதுதான் சோதனை. மூன்றுக்கு ஒன்று, மூன்று, ஒன்பதைக் கூட்டிப் பதின்மூன்று, அதேபோல் மற்றவற்றுக்கு ஐம்பத்தேழு, நூற்று முப்பத்து மூன்று, நூற்று எண்பத்து மூன்று, இருபத்திரண்டாயிரத்து இருபத்திரண்டு என்று ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிப் பெருக்கிக்கொண்டே போனான். அவ்வளவு அழகாக அவன் எழுதி நான் பார்த்ததில்லை. இலக்கங்கள் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசை பிசகாமல் நின்றன. கடைசி வரியில் விடை வந்தது. ஒரு இலக்கம்கூடத் தப்பாமல், சரியாக இரண்டு மடங்கு.

பிள்ளைகள் கைதட்டினார்கள். முதலாளி எழுந்து நின்று தட்டினார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை ஈரமாக இருந்தது.

பேராசிரியை மட்டும் தட்டவில்லை. அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபமோ ஏளனமோ இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தக் கடைசி எண்ணு பகா எண்ணுதானா சார்?" என்று கேட்டார்.

"அது எங்கப்பா நம்பர் மேடம்" என்றான் அண்ணன். வில்லைக் கதையைச் சொன்னான். ஹால் முழுக்க ரசித்துச் சிரித்தது. "பத்து வயசுலயே வகுத்துப் பாத்தாச்சு" என்று முடித்தான்.

"பத்தொன்பதால ஒரு தடவை வகுத்துக் காட்டுங்களேன்" என்றார் அவர். மிகவும் தணிந்த குரல். மைக் இல்லாவிட்டால் கேட்டிருக்காது.

அண்ணன் சிரித்தபடியே திரும்பினான். பலகையின் மூலையில் கொஞ்சம் இடம் இருந்தது. இருபத்திரண்டில் ஒரு தடவை, மீதி மூன்று. முப்பதில் ஒரு தடவை, மீதி பதினொன்று. நூற்றுப் பன்னிரண்டில் ஐந்து தடவை, மீதி பதினேழு. கடைசி ஒன்றைக் கீழே இறக்கினான். நூற்று எழுபத்தொன்று.

அங்கே அவன் கை நின்றது. பத்தொன்பது ஒன்பது நூற்று எழுபத்தொன்று என்பது அந்த ஹாலில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும். அவன்தான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன். யாரோ ஒரு பிள்ளை முன்னாலேயே "ஒம்போது" என்று சொல்லிவிட்டது. அண்ணன் ஒன்பது என்று எழுதினான், கீழே நூற்று எழுபத்தொன்று எழுதினான், கோடு போட்டான். பூஜ்யம் எழுதவில்லை.

"அந்த விடையையும் பத்தொன்பதால வகுக்கலாம்" என்றார் பேராசிரியை. "அறுபத்தொண்ணு வரும். இது ரொம்பப் பழைய எண்ணு சார். ஏறக்குறைய நானூறு வருஷம் ஆகுது. அந்தக் கடைசி எண்ணு மட்டும் பகா எண்ணா இருந்திருந்தா இது நிறை எண்ணா ஆகியிருக்கும்னு ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். எங்க துறையில இதுக்குன்னு ஒரு பேரே இருக்கு." அண்ணன் பக்கம் திரும்பி, "யார் உதவியும் இல்லாம நீங்களா இதுவரைக்கும் வந்தது சின்ன விஷயம் இல்லை" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஒரு பிரயோஜனமும் இல்லை.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. தப்பு செய்வதற்குக்கூட என் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு தப்பு கொடுத்துவைக்கவில்லை. யாரோ எப்போதோ பார்த்து, ஆகாது என்று தள்ளிவைத்துவிட்டுப் போன எண்ணை ஆயுள் முழுக்கத் தேடி எடுத்துக்கொண்டு வந்து மேடையில் நிற்கிறான்.

பத்திரிகைக்காரர் எழுந்து போனார். முதலாளி மேடைக்கு வந்து, நல்ல முயற்சி என்று இரண்டு வார்த்தை பேசிப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார். எங்களிடம் வந்தார். அண்ணன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க சார், நான் ஆளை வெச்சுத் துடைச்சுக்கறேன்" என்றார். "நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. சாயங்கால கிளாஸுக்கு வீடியோ போட்டுக்கறோம். நாளைக்கும் அப்படியே பாத்துக்கலாம்."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

முதலாளி போனை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் வரவில்லை. பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அவர் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தவர், வாக்குத் தவறவும் இல்லை. எண் நிஜமானால்தான் பலகை என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

மாடிப்படியில் இறங்கும்போது பாதியில் அண்ணன் உட்கார்ந்துவிட்டான். அண்ணி கீழ்ப்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. கீழே பதாகையை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

"பதினேழு வரைக்கும்தான் போனேன்" என்றான் அண்ணன்.

எனக்குப் புரியவில்லை. "எது?"

"அன்னிக்கு. ரெண்டு, மூணு, அஞ்சுன்னு வகுத்துக்கிட்டு வந்தேன்ல. பதினேழு முடிச்சேன். அடுத்தது பத்தொன்பது. அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பிட்டார். வில்லையைக் குடுடா, நேரமாச்சு, என்னதான் சொல்லுது உன் கணக்குன்னு கேட்டார். பகா எண்ணுன்னு சொல்லிட்டேன். அப்புறமா மிச்சத்தைப் பாத்துக்கலாம்னு இருந்தேன்." முழங்கையைத் துடைத்துக்கொண்டான், அங்கே சாக்பீஸ் ஒட்டியிருந்தது. "ராத்திரி வரும்போது ஆலை முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டார். அந்த முகத்தைப் பாத்தப்புறம் எப்படி வாலு வகுக்கிறது? அதுக்கப்புறம் அது பகா எண்ணாவே ஆயிடுச்சு. எனக்கே மறந்துபோச்சு."

"விடுண்ணா. அப்பாவுக்குச் சந்தோஷமாத்தானே இருந்துச்சு."

"மூணு துண்டு" என்றான். "பத்தொன்பது, பத்தொன்பது, அறுபத்தொண்ணு. அவரை யார் வேணா வகுத்திருக்கலாம்."

லென்ஸ் உடைந்தால் வேறு லென்ஸ் எடுத்துத் தேய்க்கலாம். எனக்கு அவனை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் நின்றேன். அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க போகலாம். இங்க உக்காந்து என்ன பண்ணப்போறீங்க" என்று சொன்னாள். அவள் இவ்வளவு மிருதுவாகப் பேசியதே எனக்குத் தாங்கவில்லை. கிண்டல் செய்திருந்தால்கூட நிலைமை சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை வந்திருக்கும்.

படிக்குப் பக்கத்து அறையில் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அண்ணனின் குரல் கேட்டது, போன வருஷத்துக் குரல், தெம்பாக. பின்னங்களை எப்படிக் கூட்டுவது என்று சொல்லிக்கொண்டிருந்தது. படியிலிருந்து எழுந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். தலையைச் சாய்த்து, வேறு யாரோ ஒரு வாத்தியார் நடத்துவதைக் கவனிப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

திடீரென்று பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அடங்கி, மறுபடியும் சிரித்தார்கள்.

"எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்றான்.

"நீ ஏதாவது ஜோக் சொல்லியிருப்பண்ணா, வீடியோல. நீ சொல்றதுதானே எப்பவும்."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டான். உள்ளே அவனுடைய குரல் நிற்காமல் பொதுப் பகுதி எண் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பாடத்துல ஜோக்கே கிடையாது வாலு" என்றான்.